பத்தாயப் பலகையில் பேனா: புழுத்துளை, வெடிப்பு, ஆணித்துளை ஆகியவற்றைச் சரிசெய்வது எப்படி?

பத்தாயத்துப் பேரன் | பூதப்பாண்டி

அனைவருக்கும் வணக்கம். பூதப்பாண்டிக்கு அருகில் இருந்த எங்கள் பூர்வீக வீட்டை இந்த ஆண்டு இடித்தோம். கூரையின் தேக்கு உத்திரங்களைப் பழைய மர வியாபாரி எடுத்துச் சென்றுவிட்டார். நெல் போட்டு வைத்திருந்த பத்தாயத்தை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. முழுவதும் பலாத் தடியில் செய்தது. தாத்தாவின் சிறு வயதிலேயே அது பழைய பத்தாயம்தான் என்று அப்பா சொல்லுவார். பள்ளி ஆசிரியரான அப்பா வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். அந்தப் பலகையிலேயே அவருக்கு ஒரு பேனா கடைந்து கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

லேத் (கடைசல் இயந்திரம்) வேலையில் எனக்கு ஒன்றரை ஆண்டு அனுபவம் உண்டு. 7 மி.மீ. பித்தளைக் குழாய் கொண்ட ஸ்லிம்லைன் என்ற மெல்லிய பேனாவுக்கான கிட் வைத்து இதுவரை முப்பது பேனாக்கள் கடைந்திருப்பேன், ஆனால் எல்லாமே கடையில் வாங்கிய குறையில்லாத கட்டைகள். இந்தப் பலகையில் குறைகள் மூன்று வகையாக இருக்கின்றன. வெள்ளைப் பகுதியில் ஊசி முனை அளவிலான புழுத்துளைகள் கூட்டமாக உள்ளன. சில துண்டுகளில் ஏறக்குறைய 4 செ.மீ. நீளத்துக்கு நீளவாக்கில் வெடிப்பு ஓடுகிறது. அவற்றில் ஒன்றில் பழைய இரும்பாணியின் துளையும் இருக்கிறது. அதைச் சுற்றி மரம் நீலங்கலந்த கறுப்பாகக் கறைபட்டிருக்கிறது.

முதல் துண்டில், மரத்தூளையும் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையையும் குழைத்து வெடிப்பில் அப்பி, இரண்டு நாள் உலரவிட்டுக் கடைந்தேன். உருளை வடிவம் வந்த சமயத்தில் அந்த நிரப்பு முழுவதும் ஒரே பட்டையாகப் பிய்ந்து வந்துவிட்டது. அதனுடன் மரத்தின் ஒரு சில்லும் தெறித்துப் போயிற்று. உள்ளே பித்தளை பளபளவென்று தெரிந்தது. என்னிடம் இன்னும் ஐந்து துண்டுகளே மீதம் உள்ளன. அவற்றில் கை வைப்பதற்கு முன் உங்கள் ஆலோசனையைக் கேட்க விரும்புகிறேன்.

தக்கலைக் கடைசல் | தக்கலை

தம்பி, ஐந்து துண்டுகள் இருக்கும்போதே கேட்டது நல்லதாயிற்று. நீங்கள் நிரப்பிய முறையைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பெரும்பாலானவர்கள் செய்வதே இல்லை. அதாவது, குறை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், கடைந்து முடித்த பிறகு அது எங்கே இருக்கும் என்று கணக்கிட வேண்டும்.

நீங்கள் எடுப்பது 19 மி.மீ. சதுரக் கட்டை. அதன் நடுவில் 7 மி.மீ. துளை போகிறது. ஸ்லிம்லைன் பேனாவின் முனைகளில் புஷ் (கடைய வேண்டிய இறுதி அளவைக் காட்டும் உலோக வளையம்) 8.3 மி.மீ. அளவில்தான் இருக்கும், நடுவில் சற்றுப் புடைப்பாக விட்டாலும் 11 மி.மீ.க்கு மேல் போகாது. ஆகவே அந்தக் கட்டையில், நடு அச்சிலிருந்து 3.5 மி.மீ. தொலைவில் தொடங்கி 5.5 மி.மீ. வரை உள்ள மெல்லிய வளையம் மட்டுமே பேனாவாகிறது. அதற்கு உள்ளே இருப்பது துரப்பணத் தூளாகவும், வெளியே இருப்பது கடைசல் சுருளாகவும் போய்விடுகிறது. கட்டையின் இரு முனைகளிலும் இந்த வளையத்தைப் பென்சிலால் வரைந்து பாருங்கள். துளையின் மையத்தை 2 மி.மீ. தள்ளினால் ஒரு புழுத்துளைக் கூட்டம் முழுவதும் வெளிப்பகுதிக்குப் போய்விடலாம். ஆணித்துளை துரப்பணத்தின் பாதைக்குள் விழுந்து அடியோடு மறைந்துவிடலாம். ஸ்லிம்லைனில் இரண்டு குழாய்கள் இருப்பதால், குறையை இரண்டு பாதிகளுக்கும் நடுவில் அறுபடும் இடத்துக்குக் கொண்டுபோகவும் முடியும். ஒரு துளி பசையும் செலவாகாத பழுதுபார்ப்பு இதுதான்.

வளையத்துக்குள் தப்பாமல் விழுகிற குறைகளை மட்டும் நிரப்ப வேண்டும். அங்கே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முனைகளில் மரச்சுவரின் கனம் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. மேசைப் பலகையில் ஒரு வெடிப்பை நிரப்பினால் அது தோற்றத்துக்கான வேலை. பேனாவில் அதே வெடிப்பு சுவரின் முழுக் கனத்தையும் துளைத்துக்கொண்டு போகிறது. எனவே நிரப்புப் பொருள் மரத்தைப் பிடித்துக்கொள்வதோடு பித்தளைக் குழாயையும் பிடித்துக்கொள்ள வேண்டும். வெள்ளைப் பசை நீரை இழந்துதான் காய்கிறது. ஆழமான வெடிப்பில் மேல் தோல் இறுகி, உள்ளே ரப்பர் போலத் தங்கிவிடுகிறது. காயக் காயச் சுருங்கவும் செய்கிறது. மேலும் அது பித்தளையோடு சரியாக ஒட்டாது. உங்கள் நிரப்பு பட்டையாகப் பிய்ந்ததற்குக் காரணம் இதுவே.

நான் பின்பற்றும் ஒழுங்கைச் சொல்கிறேன். முதலில் துளைகளில் உள்ள பொடியையும் அழுக்கையும் தையல் ஊசியால் கிளறி, சைக்கிள் பம்ப்பால் ஊதி வெளியேற்றுவேன். புழு தின்று விட்ட பொடி உள்ளே இருந்தால் பசை அந்தப் பொடியோடுதான் ஒட்டும், மரத்தோடு ஒட்டாது. அடுத்து, கட்டையைச் சுற்றித் தாள் பட்டையை இறுக்கமாகச் சுற்றி, நீர்போல் ஓடும் சூப்பர் குளூவை வெடிப்பின் ஒரு முனையில் சொட்டுச் சொட்டாக விடுவேன். அது மயிர்க்கோடு போன்ற இடங்களிலும் தானாகவே உறிஞ்சிக்கொண்டு உள்ளே போகும். ஒரு நாள் முழுவதும் விட்ட பிறகே துளையிடுவேன். துளையிடும்போது துரப்பணத்தைப் பத்து மில்லிமீட்டருக்கு ஒருமுறை வெளியே இழுத்துத் தூளை உதறிவிட வேண்டும். அடைத்த தூள் சூடேறினால் பாதி ஒட்டிய வெடிப்பு மீண்டும் வாயைத் திறந்துவிடும்.

துளையிட்ட பின் ஒரு சிறு டார்ச்சை உள்ளே காட்டிப் பாருங்கள். வெளிச்சம் வெளியே கசியும் இடமெல்லாம் பின்னர் பித்தளை தெரியப்போகும் இடங்கள். பித்தளைக் குழாயை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, கறுப்பு அல்லது மரத்தின் நிறத்துக்கு நெருங்கிய பெயின்ட் பூசி, காய்ந்த பிறகு எபாக்ஸியால் (இரண்டு பகுதிகளைக் கலந்து இறுக வைக்கும் பசை) ஒட்டுங்கள். குறையுள்ள கட்டையில் குழாய் ஒட்ட சூப்பர் குளூவை நான் பயன்படுத்துவதில்லை. எபாக்ஸி இடைவெளிகளுக்குள் பிதுங்கிச் சென்று, குறையை அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்புகிறது.

பின்னர் கடையத் தொடங்கி, இறுதி அளவுக்கு ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போது லேத்தை நிறுத்துங்கள். இரண்டாவது நிரப்பு அங்கேதான். மரம் தன் உண்மையான முகத்தைக் காட்டுவது அந்தக் கட்டத்தில்தான். தூளை உலர்ந்தபடியே துளையில் அமுக்கி அடைத்து, நீர்போன்ற பசையை ஒரு துளி விட்டு, இறுகியதும் மறுபடி செய்யுங்கள். ஒரே தடவையில் மூன்று மில்லிமீட்டர் ஆழத்தை நிரப்ப முயன்றால் மேலே கல்லாகவும் உள்ளே குழம்பாகவும் நிற்கும்.

ஆணித்துளை உள்ள பலகை என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாத் துண்டுகளின் மீதும் ஒரு காந்தத்தை வைத்து நகர்த்திப் பாருங்கள். முறிந்த ஆணியின் முனை உள்ளே இருந்தால் உளியின் வாய் போய்விடும், கண்ணுக்கும் ஆபத்து.

குலசேகரம் ரப்பர் | குலசேகரம்

ஐயா, புழுத்துளை பற்றி ஒரு சந்தேகம். எங்கள் பகுதியில் ரப்பர் மரத்தில் கடைபவர்கள் அதிகம். அந்த மரம் உளுத்துப்போவதற்குப் பேர்போனது. துளையை நிரப்பிவிட்டாலும் உள்ளே புழு உயிரோடு இருந்தால் என்ன செய்வது?

தக்கலைக் கடைசல் | தக்கலை

நல்ல கேள்வி. துண்டை ஒரு கறுப்புத் தாளின் மேல் பத்து நாள் வைத்துவிடுங்கள். மாவு போன்ற மென்மையான தூள் புதிதாக உதிர்ந்து கிடந்தால் உள்ளே வண்டின் புழு வேலை செய்கிறது என்று பொருள். அவை மாவுச்சத்து உள்ள வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். வைரத்துக்குள், அதாவது மரத்தின் கெட்டியான உட்பகுதிக்குள், பெரும்பாலும் போகாது. ரப்பர் மரத்தில் வைரமென்று தனியாக ஒன்று இல்லாததால்தான் அது முழுவதும் இரையாகிறது. பலகையாக அறுத்தவுடன் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைப்பது அதற்காகவே.

பேனாக் கட்டை சிறியது என்பதால் வெப்பமே போதும். ஏற்றுமதிக்கான மரப்பெட்டிகளுக்கு, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும் என்று உலக அளவில் ஒரு விதி உண்டு. நான் கேக் சுடும் சிறிய ஓவனில் 65 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்துவிடுகிறேன். இவர் பலகையில் இருப்பவை பெரும்பாலும் பழைய, காலியான துளைகளாகத்தான் இருக்கும். ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது.

வேதியியல் ஆசிரியை | நாகர்கோவில்

பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். பேனா கடைவது நான்கு ஆண்டுகளாக என் மாலை நேர வேலை. தக்கலை அண்ணன் சொன்ன ஒழுங்கு முழுவதும் சரியானது. சூப்பர் குளூவைப் பற்றி மட்டும் சிலவற்றைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தின் வானிலை அதன் நடத்தையை மாற்றுகிறது.

சயனோஅக்ரிலேட் என்ற இந்தப் பொருளை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஹாரி கூவரின் குழு துப்பாக்கியின் குறிபார்க்கும் கண்ணாடிக்கான தெளிவான பிளாஸ்டிக்கைத் தேடியபோது கண்டது. தொட்டதோடெல்லாம் ஒட்டிக்கொண்டதால் அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1958-இல்தான் அது பசையாக விற்பனைக்கு வந்தது. அது உலர்ந்து இறுகுவதில்லை. காற்றிலும் மரத்தின் பரப்பிலும் உள்ள ஈரத்தைத் தொட்டவுடன் அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நமக்கு இரண்டுமே உண்டு. ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் என் பட்டறையில் சொட்டு விழுந்த கணமே மேற்பரப்பு இறுகிவிடுகிறது, அடி இறுகுவதில்லை. பசையின் ஆவி சுற்றியுள்ள மரத்தின் மேல் வெண்பூச்சாகப் படிவதும் அந்த மாதங்களில்தான் அதிகம். மழைக்காலத்தில் சொட்டுகளைச் சிறிதாக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் நேரம் கொடுங்கள். விரைவாக இறுக வைக்கும் ஸ்பிரேயை அந்த மாதங்களில் எடுக்கவே வேண்டாம். அதிகம் அடித்தால் நிரப்பு நுரைத்து, வெள்ளைப் புள்ளிகளோடு நின்றுவிடும். பசைக் குப்பியைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பவர்கள், வெளியே எடுத்த பின் அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த குப்பிக்குள் ஈரம் படிந்து முழுப் பசையும் கெட்டுவிடும்.

ஆப்பசோடாவைத் துளையில் இட்டு அதன்மேல் பசை விடும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. அது ஒரே நொடியில் கல்லாகும் என்பது உண்மை. ஆனால் சுற்றியுள்ள மரத்தைவிட மிகவும் கடினமாகிவிடுவதால், உப்புத்தாள் போடும்போது மரம் தேய்ந்து, நிரப்பு மட்டும் மேடாக நிற்கிறது. விரலால் தடவினால் ஒரு சிறு பருவைப் போலத் தட்டுப்படும். வெள்ளை நிறமும் மறையாது. பேனாவுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இறுதியாக, பருத்தித் துணியாலோ பஞ்சாலோ இந்தப் பசையைத் துடைக்க வேண்டாம். பருத்தியோடு சேர்ந்தால் கை சுடும் அளவுக்குச் சூடேறிப் புகையும். துடைப்பதற்குக் காகிதக் கைக்குட்டை போதும். ஆவி கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் எபாக்ஸியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அந்த எபாக்ஸி வேலைக்கும் கையுறை வேண்டும்.

ஆணிக்கறையைப் பற்றியும் ஒரு வரி. மரத்தில் உள்ள டானினும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கியது அந்தக் கறுப்பு. ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைப் பூசினால் பெருமளவு வெளுக்கும். அது நச்சு, பூசிய பின் நன்றாகக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே கடைய வேண்டும். உலர்ந்த அமிலத் தூளை மூச்சில் இழுப்பது நல்லதல்ல.

முட்டம் கடற்கரை | முட்டம்

என்னிடம் ஒரு யோசனை உள்ளது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணலைப் பசையில் கலந்து வெடிப்பை நிரப்பினால் எப்படி இருக்கும்? வெயிலில் மின்னும். நம் ஊர் அடையாளமாகவும் இருக்கும்.

வேதியியல் ஆசிரியை | நாகர்கோவில்

தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். அந்த மணலில் இல்மனைட்டும் கார்னெட்டும் மட்டுமல்லாமல் மோனசைட்டும் கலந்திருக்கிறது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டுபிடித்ததால்தான் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலையே வந்தது. மோனசைட்டில் தோரியம் உண்டு. அது கதிரியக்கப் பொருள். கடற்கரையில் நடந்துபோவது வேறு, அந்த மணலை உப்புத்தாளால் தேய்த்து நுண்தூளாக்கி, ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு மூச்சில் இழுப்பது வேறு. கார்னெட்டைப் பொறுத்தவரை, உப்புத்தாள் செய்யவே அதைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் உளியின் முனை ஒரே சுற்றில் மழுங்கும். கடற்கரை மணலை அள்ளுவதற்குச் சட்டத் தடையும் இருக்கிறது.

ஊர் அடையாளம் வேண்டுமென்றால் சிரட்டை இருக்கிறதே. சிரட்டையை அரத்தால் ராவி எடுத்த தூளைச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். மரத்தைப் போலவே கடையப்படும், பசையை நன்றாகப் பிடிக்கும், கரும்பழுப்பாகப் பொன்புள்ளிகளோடு நிற்கும். முழுக் கறுப்பு வேண்டுமென்றால் சிரட்டைக்கரி. பத்மநாபபுரம் அரண்மனையின் கண்ணாடி போன்ற கறுப்புத் தரையில் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கருவோடு சேர்ந்திருப்பதும் அதுதான் என்று சொல்வார்கள்.

அரக்குக் குச்சி | வடசேரி

இங்கு எல்லோரும் குப்பியில் வரும் பசையைப் பற்றியே பேசுகிறீர்கள். மரத்துளையை அடைக்க நம் கடைசல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய பொருள் அரக்கு. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் எல்லாம் அரக்கால் வண்ணம் பெற்றவைதான். சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே இளகி, துளைகளில் இறங்கி, பனையோலையால் தேய்த்தால் மினுங்கும். ஆவி இல்லை, கண் எரிச்சல் இல்லை. நிறமும் நாமே சேர்த்துக்கொள்ளலாம். பத்தாயத்தின் காலத்துப் பலகைக்கு அந்தக் காலத்துப் பொருளே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

தக்கலைக் கடைசல் | தக்கலை

அரக்கின் மேல் எனக்கும் மிகுந்த மதிப்பு உண்டு. என் தகப்பனார் கட்டில்கால் கடைந்த காலத்தில் எங்கள் பட்டறையில் வேறு பொருளே கிடையாது. ஆனால் பேனா என்பது நாள் முழுவதும் கையிலும் சட்டைப் பையிலும் இருக்கும் பொருள். அரக்கு 75 டிகிரி செல்சியஸ் சூட்டில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காரின் முன்பலகையில் ஒரு பேனாவை மறந்து வைத்துவிட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியமானது, அரக்கு ஆல்கஹாலில் கரையும். கையில் சானிடைசர் போட்டுக்கொண்டு அப்படியே பேனாவைப் பிடித்தவர் ஒருவர், பிசுபிசுத்துப்போன பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். மயிர்க்கோட்டுக் கீறலை அரக்கால் அடைத்து, அதன் மேல் வேறு பூச்சு கொடுத்துக் காப்பாற்றலாம். சுவரைத் தாங்க வேண்டிய வெடிப்புக்கு அது போதாது.

அரக்குக் குச்சி | வடசேரி

சானிடைசர் பற்றிய செய்தியை நான் எண்ணிப் பார்க்கவில்லை, அதை ஏற்றுக்கொள்கிறேன். கைபடாமல் மேசையில் நிற்கும் பேனாத் தாங்கிக்கு அரக்கே போதும் என்பதில் மாற்றமில்லை.

பத்தாயத்துப் பேரன் | பூதப்பாண்டி

எல்லோருக்கும் நன்றி. வளையம் வரைந்து பார்த்ததில் ஐந்து துண்டுகளில் இரண்டு முழுவதுமாகத் தப்பிவிட்டன. மையத்தைச் சிறிது தள்ளியதே போதுமாக இருந்தது. வெடிப்பும் ஆணித்துளையும் ஒரே துண்டில் இருக்கும்படியான ஒரு கட்டை இருக்கிறது. அதைத்தான் அப்பாவுக்காகக் கடைய நினைக்கிறேன், ஏனென்றால் அந்தப் பலகையின் கோடுகள்தான் மிக அழகானவை.

இப்போது என் சந்தேகம் நிறத்தைப் பற்றியது. ஒரு சிறு துண்டில் பலாத் தூளையும் சூப்பர் குளூவையும் வைத்துச் சோதித்தேன். தூள் கையில் இருக்கும்போது மரத்தின் நிறமாகவே இருந்தது. பசை பட்டவுடன் ஈரப்பட்டது போலக் கறுத்துவிட்டது. எப்படிப் பொருத்துவது?

தக்கலைக் கடைசல் | தக்கலை

பசை பட்ட தூள் எப்போதும் ஒரு படி கறுக்கும். வழக்கமான வழி, வெள்ளைப் பகுதியின் வெளிறிய தூளைக் கலந்து ஒரு படி முன்கூட்டியே வெளிறலாக்குவது. பலாவில் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை, காரணம் சொல்கிறேன்.

புதிதாக அறுத்த பலாவின் வைரம் மஞ்சள். பௌத்தத் துறவிகளின் ஆடைக்குக் காவிச் சாயம் எடுத்ததே அதன் சீவலிலிருந்துதான். வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சள் நாளடைவில் செம்பழுப்பாக மாறுகிறது. உங்கள் பலகை வெளியே கறுத்திருந்தாலும், கடைந்ததும் உள்ளே பழைய மஞ்சளின் சாயல் தெரியும். நீங்கள் இன்று அந்த நிறத்துக்குப் பொருத்தி நிரப்பினால், மரம் கறுத்துக்கொண்டே போகும். பசைக்குள் பூட்டப்பட்ட தூளோ வேறு வேகத்தில் மாறும். இரண்டு ஆண்டில் நிரப்பு ஒரு தழும்பைப் போலத் தனியே தெரியும். இன்று மறைந்திருப்பது நாளை வெளிப்படும். ஆகவே தொடக்கத்திலேயே வேறுபட்ட நிறத்தைத் துணிந்து தேர்ந்தெடுங்கள். சிரட்டைத் தூளின் கரும்பழுப்பு இன்றைய மஞ்சளோடும் அழகாக இருக்கும், நாளைய செம்பழுப்போடும் பொருந்தும். நம்பிக்கை வரவில்லையென்றால், நிரப்பிய இரண்டு மாதிரித் துண்டுகளைப் பாதி கறுப்புத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் இரண்டு மாதம் வைத்துப் பாருங்கள்.

வெடிப்பைப் பற்றி ஒரு மாற்று வழியும் உண்டு. கட்டையின் இரு பக்கத்தையும் பிடித்து லேசாக வளைக்கும்போது வெடிப்பு வாய் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். திறந்தால் அதை நிரப்பிப் பயனில்லை. வெடிப்பின் வழியே கட்டையை முழுவதும் அறுத்து, இரு முகத்தையும் மட்டமாக இழைத்து, நடுவில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள ஈட்டி மரச் (ரோஸ்வுட்) சில்லை வைத்து எபாக்ஸியால் இறுக்கி ஒட்டிவிடுங்கள். ஈட்டியில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால், ஒட்டும் முன் அசிட்டோனில் துடைத்து, உலர்ந்த உடனே பசை போட வேண்டும். தேக்குக்கும் இது பொருந்தும். வெடிப்பு இருந்த இடத்தில் நேரான ஒரு கருங்கோடு நிற்கும்.

மார்த்தாண்டம் | மார்த்தாண்டம்

இந்த இழையில் ஈரத்தைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்தில் ஒரு மாமரக் கட்டையின் மயிர்க்கோட்டு வெடிப்பைச் சூப்பர் குளூவால் நிரப்பி, அழகாகப் பேனா கடைந்து, துபாயில் வேலை செய்யும் என் மைத்துனருக்கு அனுப்பினேன். நான்கு மாதத்தில் அவர் ஒரு படம் அனுப்பினார். நிரப்பிய கோட்டுக்குப் பக்கத்திலேயே, முன்பு நல்ல மரமாக இருந்த இடத்தில், முனை முதல் முனை வரை புதிதாக ஒரு வெடிப்பு. நிரப்பு அப்படியே உறுதியாக இருந்தது.

காரணம் என் கவனக்குறைவுதான். மழை மாதத்தில் இங்கே ஈரம் குடித்த மரம், இரவு பகலாக ஏ.சி. ஓடும் வறண்ட அறையில் அதை இழந்து சுருங்கியது. உள்ளே இருக்கும் பித்தளைக் குழாய் சுருங்கவில்லை. மரம் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சுருங்க இடமில்லாத மெல்லிய சுவர் கிழிந்துதான் ஆக வேண்டும்.

அதற்குப் பிறகு, துளையிட்ட கட்டையை நகை எடை பார்க்கும் சிறு தராசில் நாள்தோறும் நிறுத்து எழுதி வைக்கிறேன். அரிசி வைக்கும் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, தொடர்ந்து ஐந்து நாள் எடை மாறாமல் நின்ற பிறகே குழாயை ஒட்டுகிறேன். பத்தாயம் எவ்வளவு பழையதாக இருந்தாலும், இடித்த வீட்டின் முற்றத்தில் மழையில் கிடந்திருந்தால் அதுவும் ஈரமான மரமே. தம்பி, உங்கள் பலகை எங்கே கிடந்தது?

பத்தாயத்துப் பேரன் | பூதப்பாண்டி

அண்ணா, இரண்டு வாரம் முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. நீங்கள் கேட்டது பெரிய உதவி. இன்றே தராசு வாங்குகிறேன்.

குலசேகரம் ரப்பர் | குலசேகரம்

வெற்றிடத்தில் மரத்துக்குள் ரெசின் (சூட்டில் இறுகும் திரவப் பிசின்) ஏற்றும் முறையைப் பற்றியும் கேட்க விரும்புகிறேன். உளுத்து மெத்தென்றாகிவிட்ட மரத்துக்கு அதுதான் வழி என்கிறார்களே?

வேதியியல் ஆசிரியை | நாகர்கோவில்

மெத்தென்றாகிவிட்ட மரத்துக்கு அது சிறந்த வழிதான். மரத்தை முதலில் 105 டிகிரியில் ஒரு நாள் வைத்து ஈரத்தை முற்றிலும் போக்கி, காற்றுப்புகாத பையில் ஆறவிட்டு, ரெசினில் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை வெற்றிட பம்ப்பால் காற்றை இழுத்து, பிறகு பல மணி நேரம் ஊறவிட்டு, 90 முதல் 95 டிகிரி சூட்டில் இறுக வைக்க வேண்டும். ஆனால் அது மரத்தின் நுண்குழல்களை நிரப்புமே தவிர, புழுத்துளையையோ வெடிப்பையோ நிரப்பாது. பெரிய ஓட்டையில் புகுந்த ரெசின் சூட்டில் இளகி வழிந்துவிடும். வைரம் பாய்ந்த பலாவுக்குள் ரெசின் ஏறுவதும் கடினம். இந்தப் பத்தாயப் பலகைக்கு அது தேவையில்லை.

கன்னியாகுமரி கைவினை | கன்னியாகுமரி

சுற்றுலாப் பயணிகளுக்கு மரப் பேனாக்கள் விற்கிறேன். வேறுபட்ட நிறத்தில் நிரப்பும் கருத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வாங்க வருபவர் கருங்கோட்டைக் கண்டதும் "இது ஒட்டுப்போட்டது" என்று கீழே வைத்துவிடுகிறார். மரத்தின் நிறத்தோடு பொருத்திவிட்டால் அந்தக் கேள்வியே எழுவதில்லை. பிழைப்புக்குச் செய்பவனுக்கு இதுவும் ஒரு கணக்கு.

தக்கலைக் கடைசல் | தக்கலை

உங்கள் சிரமம் புரிகிறது. ஆயினும் விற்கும் பேனா என்றால் கூடுதலாகவே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நான் விற்கும் ஒவ்வொரு பேனாவோடும் ஒரு சிறு அட்டை வைக்கிறேன்: என்ன மரம், எந்த ஊரில் நின்றது, எந்த இடத்தில் எதனால் நிரப்பியது என்று மூன்று வரி. அட்டையைப் படித்த பிறகு, குறையில்லாத பேனாவை வைத்துவிட்டு நிரப்பிய பேனாவை எடுத்தவர்களும் உண்டு. இரண்டையும் வாங்காமல் போனவர்களும் உண்டு. மறைத்து விற்ற பேனாவில் ஓராண்டு கழித்துத் தழும்பு தெரியும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பத்தாயத்துப் பேரன் | பூதப்பாண்டி

வேலை முடிந்தது. செய்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

தராசில் எடை நிலைக்க இருபத்துமூன்று நாள் ஆயிற்று. தொடக்கத்தில் 31.42 கிராம் இருந்த கட்டை 29.87 கிராமில் நின்றது. அதை அளக்காமல் ஒட்டியிருந்தால் மார்த்தாண்டத்து அண்ணனின் மாமரப் பேனாவுக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்திருக்கும். வெடிப்பு வளைத்தபோது வாய் திறக்கவில்லை. ஆகவே அறுக்காமல் நிரப்பினேன்.

ஊசியால் வெடிப்பைச் சுத்தம் செய்தபோது தூசியோடு தூசியாக ஒரு நெல் உமி வெளியே வந்தது. முழு உமி, நிறம் மட்டும் தேயிலை போலக் கறுத்திருந்தது. பத்தாயத்தின் உட்பக்கம் எது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை ஒரு தீப்பெட்டிக்குள் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

வெடிப்பில் நீர்போன்ற பசை மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. குழாய்க்குக் கறுப்புப் பெயின்ட், 24 மணி நேரம் இறுகும் எபாக்ஸி. ஒரு மில்லிமீட்டர் மிச்சத்தில் நிறுத்தியபோது, முதலில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு புழுத்துளைகள் புதிதாகத் திறந்திருந்தன. அவற்றையும் வெடிப்பின் மேல்வாயையும் சிரட்டைத் தூளால் நிரப்பினேன். ஆணிக்கறையை வெளுக்க மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். ஆணித்துளை இறுதி அளவில் 4 மி.மீ. அகலத்துக்கு வாய் திறந்திருந்தது. உமியின் ஒரு பாதியை அதற்குள் படுக்க வைத்து, தெளிவான எபாக்ஸியை ஊசி முனையால் துளித்துளியாக விட்டு, மேசை விளக்கின் இளஞ்சூட்டில் குமிழிகள் மேலே வந்து உடையும்வரை காத்திருந்தேன். உப்புத்தாள் போடும்போது ஒருமுறை சூடேறி எபாக்ஸி பிசுபிசுக்கத் தொடங்கியது. உடனே நிறுத்தி, லேத்தின் வேகத்தைக் குறைத்து, 400 எண் உப்புத்தாளிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

நேற்று அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பேனாவைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய், அந்த உமியைக் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் எங்கும் தட்டவில்லை. "மூடிப் பலகையா, பக்கப் பலகையா?" என்று கேட்டார். பக்கப் பலகை என்றேன். அந்தப் பக்கத்தில்தான் அவருடைய அம்மா சுண்ணாம்பால் நெல் அளந்த கணக்கைக் கோடு போட்டு வைப்பாராம்.

தக்கலைக் கடைசல் | தக்கலை

மிகவும் மகிழ்ச்சி தம்பி. ஜன்னலில் மாதிரித் துண்டுகளை வைத்திருந்தால் அவற்றை எடுத்துவிட வேண்டாம். ஆடி கழிந்ததும் கறுப்புத் தாளைப் பிரித்து, மூடிய பாதியையும் திறந்த பாதியையும் சேர்த்து ஒரு படம் இங்கே போடுங்கள். சிரட்டைத் தூள் பலாவில் எப்படி மாறுகிறது என்று நாங்களும் பார்க்க வேண்டும்.